பனி கொட்டினால் படைவீரருக்கு லீவு உண்டா?

விடிகாலை நாலரை மணி. ராணுவத் தளத்திலிருந்து எல்லோருடைய போனுக்கும் ஒரே செய்தி வருகிறது: கடும் பனிப்பொழிவு, தளம் இன்று மூடப்படும், அத்தியாவசியப் பணியாளர்கள் மட்டும் வரவும். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காரும் இரண்டு பேர் இதைப் படிக்கிறார்கள். ஒருவர் சிவிலியன் ஊழியர். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவருக்குச் சம்பளமும் பிடிக்க மாட்டார்கள், லீவுக் கணக்கிலும் கழிக்க மாட்டார்கள். இன்னொருவர் சீருடைக்காரர். தன் சார்ஜென்ட் என்ன சொல்லப்போகிறார் என்று அடுத்த செய்திக்காகக் காத்திருக்கிறார். அது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "நாம எல்லாருமே அத்தியாவசியம்தான். ஆறரைக்கு வந்து நில்லுங்க."

அமெரிக்கத் தளங்களில், அதிலும் பனி கொட்டுகிற வட மாநிலங்களில், குளிர்காலம்தோறும் கிளம்பும் மனக்கசப்பு இது. தளம் மூடிய பிறகு நாங்கள் மட்டும் எதற்கு வர வேண்டும் என்று இளம் வீரர்கள் கேட்பார்கள். எதிரி என்ன வானிலை அறிக்கை பார்த்துவிட்டா வருவான் என்று பழம் தின்று கொட்டை போட்ட சார்ஜென்ட்கள் மடக்குவார்கள். லீவு உண்டா இல்லையா என்பதிலேயே இரண்டு தரப்பும் மல்லுக்கட்டுவதில், அந்தப் பனியில் ஒருவர் கார் ஓட்டி வந்து சேர்வதால் அன்றைக்கு என்ன வேலை நடக்கப்போகிறது என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது.

நம்மூரில் கலெக்டர் மழை லீவு விட்டாலும் மின்வாரிய லைன்மேனுக்குக் கிடையாது. அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. மழை கொட்டும் நாளில்தான் அவருக்கு வேலையே. ஆனால் அவரை இடுப்பளவு தண்ணீரில் வரவழைத்து, ஆபீஸ் வாசலில் நிறுத்தி அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு, மத்தியானம் வரை சும்மா உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினால் கோபம் வருமா வராதா? அமெரிக்க வீரரின் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம். வாஷிங்டன் வட்டாரத்தில் மத்திய அரசு அலுவலகங்களைத் திறப்பதா மூடுவதா என்று அறிவிப்பது அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம். மற்ற இடங்களில், ராணுவத் தளம் என்றால் அந்தத் தளத்தின் கமாண்டர். சிவிலியன் ஊழியர்களுக்காக 2016-ல் ஒரு சட்டம் வந்து, வானிலை மற்றும் பாதுகாப்பு விடுப்பு என்று தனியாக ஒரு வகையை உண்டாக்கியது. அதன் விதிகள் 2018-ல் நடைமுறைக்கு வந்தன. சிவிலியன்கள் பாடு கொண்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏற்பாடு செய்துகொண்டவருக்குப் பொதுவாக இந்த விடுப்பு கிடையாது, அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார வேண்டியதுதான். தீயணைப்பு, மருத்துவமனை போன்ற இடங்களில் அத்தியாவசியம் என்று குறிக்கப்பட்டவர்கள் வந்தே தீர வேண்டும். ஊரே வீட்டில் இருக்கும்போது நாங்கள் வந்தோமே என்று தனிப்படி எதுவும் அவர்களுக்குக் கிடையாது.

வீரரின் கணக்கு வேறு. அவருக்கு மாதச் சம்பளம். எட்டு மணி நேரம் என்ற எல்லை கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு, மாதத்துக்கு இரண்டரை நாளாகச் சேரும். எடுக்கும்போது நடுவில் வருகிற சனி ஞாயிறும் சேர்த்தே கழியும். இது தவிர பாஸ் என்று ஒன்று உண்டு. கமாண்டர் மனம் வைத்தால் மூன்று நாளோ நாலு நாளோ பாஸ் கொடுக்கலாம். விடுப்புக் கணக்கில் கை வைக்க மாட்டார்கள். பனி நாளில் "இன்று வர வேண்டாம்" என்று சொல்வதற்கு அந்தப் பாஸ் கூடத் தேவையில்லை. வாய்ச்சொல் போதும்.

இந்த இடம் பலருக்குத் தெரிவதில்லை. வானிலை லீவு கொடுக்கச் சட்டம் இல்லையே என்கிறார்கள். சட்டம் இல்லைதான், ஆனால் கொடுக்கக் கூடாது என்றும் எங்கும் இல்லை. வராத நாளுக்குச் சம்பளம் ஏறப்போவதும் இல்லை, இறங்கப்போவதும் இல்லை. அரசுக்கு ஒரு டாலர் கூடுதல் செலவில்லாமல் ஒரு கேப்டனால் முடிவெடுக்கக்கூடிய விஷயம் இது. அதனால்தான் ஒரே தளத்தில், ஒரே பனியில், ஒரு கம்பெனி (கேப்டனின் கீழ் உள்ள சிறு படைப்பிரிவு) வீட்டில் தூங்குகிறது, எதிர்க் கட்டடத்துக் கம்பெனி மைதானத்தில் நிற்கிறது. விதி எல்லோருக்கும் ஒன்றாகக் கடுமையாக இருந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எதிர்க் கட்டடம்தான் பொறுக்க முடியாதது.

சரி, உண்மையிலேயே அத்தியாவசியமானவர் யார்? கேட்டில் அடையாள அட்டை பார்ப்பவர், தீயணைப்புக் குழு, மருத்துவமனை, தகவல் தொடர்பு அறை, விமானத் தளம் என்றால் ஓடுபாதையில் பனி தள்ளும் குழு. யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராதவர் சமையல்காரர். பாரக்கில், அதாவது தளத்துக்குள் இருக்கும் படைவீரர் விடுதியில், தங்கியிருக்கும் இளம் வீரர்களுக்குத் தளம் மூடினாலும் மூன்று வேளையும் வயிறு பசிக்கும். பெரும் பனிப்புயல் வருகிறது என்று தெரிந்தால் சமையல்காரர்கள் முந்தின இரவே வந்து மெஸ்ஸிலேயே கட்டில் விரித்துப் படுத்துக்கொள்வது உண்டு. மறுநாள் மாற்று ஆள் வந்து சேரவில்லையென்றால் அடுத்த வேளையும் அவர்கள்தான்.

இன்னும் ஒரு படி மேலே போனால் வடக்கு டகோட்டாவின் மைனாட் விமானப்படைத் தளம். அங்கே சுற்றுவட்டாரத்துப் பண்ணை நிலங்களுக்கு அடியில் 150 மினிட்மேன் அணு ஏவுகணைகள் பல்லாயிரம் சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கின்றன. பூமிக்கடியில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் இரண்டு இளம் அதிகாரிகள் 24 மணி நேர டூட்டி பார்ப்பார்கள். மறுநாள் காலை வேறு இருவர் காரில் வந்து விடுவிக்க வேண்டும். பனிப்புயலில் நெடுஞ்சாலை மூடிவிட்டால் மாற்று ஆள் வர முடியாது. உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே தொடர வேண்டியதுதான். மோசமான வானிலை அவர்களுக்கு ஒரு நாளைக் கொடுக்கவில்லை, ஒரு நாளைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. இவர்களைப் பார்த்து யாரும் லீவு பற்றிப் பேசப்போவதில்லை.

ஆனால் மைனாட்டின் அந்த இருவரைக் காட்டி, எங்கோ ஒரு தளத்தில் பயிற்சிச் சான்றிதழ்களைக் கணினியில் ஏற்றும் எழுத்தர் வீரரையும் வரச்சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் மோசடி. அவர் வேலை நாளைக்கும் இருக்கும், நாளை மறுநாளும் இருக்கும். பல தளங்களில் வீரர்கள் விடியுமுன்னே கிளம்பி ஆறரை மணி உடற்பயிற்சிக்கு வந்து நிற்க வேண்டும். அதாவது பனி தள்ளும் வண்டிகள் சாலையைச் சுத்தம் செய்து முடிக்குமுன் இவர்கள் சாலையில் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர்ட் டிரம் பத்தாவது மலைப் பிரிவின் தளம். ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று அந்த வட்டாரத்தில் பனியாகக் கொட்டித் தீர்க்கும். டெக்சாஸிலோ ஃபுளோரிடாவிலோ பிறந்து வளர்ந்து, பனியில் ஒரு முறையும் கார் ஓட்டியிராத பத்தொன்பது வயதுப் பையன் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கே பணிக்கு வந்து சேர்கிறான். பணி நேரத்துக்கு வெளியே நடக்கும் விபத்துகளில் அமெரிக்க வீரர்களின் உயிரை அதிகம் குடிப்பது சொந்த வாகன விபத்துதான். அந்தப் பையனை இருட்டில் சறுக்குச் சாலையில் இறக்கிவிடுவதற்கு, அவன் வந்து செய்யப்போகும் வேலை ஈடாக வேண்டாமா?

இதற்குள் இன்னொரு ஓரவஞ்சனை ஒளிந்திருக்கிறது. திருமணமானவர்கள் தளத்துக்கு வெளியே வீடு எடுத்திருப்பார்கள். சாலை மோசம் என்றால் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். திருமணமாகாத இளம் வீரர் பாரக்கில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறார். ஆக, பனி நாளில் நடைபாதையைச் சுத்தம் செய்ய, உப்புத் தூவ, கேட்டில் கூடுதல் ஆளாக நிற்க, எல்லாவற்றுக்கும் முதலில் தட்டப்படுவது பாரக் கதவு. கையில் மண்வாரி கொடுக்கப்படுவது எப்போதும் ஒரே ஆட்களுக்குத்தான். அவர்களும் அன்றைக்கு வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீடு அதுதான்.

சிவிலியன் பக்கத்தில் இந்த விவாதத்தைத் திருப்பிப் போட்டது 2010 பிப்ரவரி. அடுத்தடுத்து இரண்டு பெரும் பனிப்புயல்கள் வாஷிங்டனை மூடின. 8-ஆம் தேதி திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள் மத்திய அரசு அலுவலகங்கள் திறக்கவே இல்லை. ஒரு நாள் மூடினால் சுமார் 7.1 கோடி டாலர் உற்பத்தி இழப்பு என்று அரசு கணக்குச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை ஊக்குவிக்கும் சட்டம் கையெழுத்தானது. சிவிலியன்களின் பனி லீவு தேயத் தொடங்கியது அப்போதுதான். மூடியும் வேலை நடக்கும் என்று ஆகிவிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது சீருடைக்காரர்களின் மேஜை வேலைகளில் எவ்வளவை வீட்டிலிருந்தே செய்ய முடியும் என்பதும் தெரிந்துபோனது. அதற்குப் பிறகும் பனி நாளில் நேரில் வந்தால்தான் வேலை என்று சொல்வது பழக்கத்தில் சொல்வது, தேவையில் சொல்வதல்ல.

ராணுவத்துக்கு இதெல்லாம் யோசிக்கத் தெரியாது என்றால் அதுவும் பொய். வானிலையைப் பார்த்து மனிதரைக் காப்பதில் அந்த அமைப்பு சில இடங்களில் ஊருக்கே முன்னோடி. வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் மரீன் படையின் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். யாக்லூ, மினார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து, வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது என்று காட்டினார்கள். வெயிலின் சூடு, காற்றின் ஈரப்பதம், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்த ஒரே எண்ணாக ஒரு குறியீடு உருவானது. இன்று உலகெங்கும் தொழிற்சாலைகளிலும் மாரத்தான்களிலும் பயன்படும் அளவுகோல் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த எண்ணை வைத்துத் தளத்தில் கொடி ஏற்றுவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு. குறியீடு 90 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 32 செல்சியஸைத் தொட்டால் கறுப்புக் கொடி. அப்போது அத்தியாவசியமில்லாத கடும் உடற்பயிற்சி நிற்கும். கடினமான வேலையைச் செய்தே ஆக வேண்டுமென்றால் பத்து நிமிடம் வேலை, ஐம்பது நிமிடம் ஓய்வு, மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் என்று அட்டவணையே இருக்கிறது. கறுப்புக் கொடி பறக்கும்போது எதிரி வெயில் பார்த்தா வருவான் என்று எந்த சார்ஜென்டும் கேட்க மாட்டார். கேட்டால் அவர் வேலை போகும். ஆளுக்கு ஆள் மாறுகிற தைரியப் பேச்சை ஒரு துணிக்கொடி வாயடைத்துவிட்டது.

புயலுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு ஒகினாவாவில் இருக்கிறது. ஜப்பானின் அந்தத் தீவில் கடேனா விமானத் தளமும் மரீன் முகாம்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. புயல்களின் பாதையும் அதுவே. ஜூன் முதல் நவம்பர் வரை எல்லோரும் நான்காம் நிலைத் தயார்நிலையில் இருப்பார்கள். அழிவுதரும் காற்று 48 மணி நேரத்தில் வரக்கூடும் என்றால் மூன்று. 24 மணி என்றால் இரண்டு. 12 மணி என்றால் ஒன்று. மொட்டை மாடி நாற்காலி, குப்பைத் தொட்டி, பிள்ளைகளின் ஊஞ்சல் வரை எல்லாம் உள்ளே போகும், பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பப்படும். காற்றின் வேகம் 35 நாட், அதாவது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர், என்ற அளவைத் தாண்டும் கட்டத்தில் அத்தியாவசியமில்லாதவர்கள் வீட்டில் அடங்க வேண்டும். 50 நாட் என்ற அளவுக்கு மேல், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போனால் யாருமே வெளியே வரக் கூடாது; அங்கே அது உத்தரவு. புயல் கடந்த பிறகும் அறுந்த கம்பி, சாய்ந்த மரம் இவற்றைப் பார்க்கத் தனிக்குழு போய்வரும் வரை மற்றவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். எல்லாம் சரி என்ற அறிவிப்பு வந்தால்தான் வேலைக்குத் திரும்புவது.

இங்கே யாரும் லீவு கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. எந்தக் காற்றில் யார் எங்கே இருக்க வேண்டும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பனித் தளங்களிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று சாலை நிலைகளை அறிவிக்கும் பழக்கம் உண்டு. ஆனால் கறுப்புச் சாலையில் யார் வரலாம் என்பதில்தான் "நம் யூனிட் எல்லோரும் அத்தியாவசியம்" என்ற ஓட்டை விழுந்துவிடுகிறது.

அந்த ஓட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு நான் எப்போதும் நினைப்பது டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட். 2016 ஜூன் 2. பல நாள் மழை, ஓடைகள் பொங்கி ஓடின. தளத்துக்குள் தாழ்வான சாலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் பயிற்சிக்காகப் போன ஒரு ராணுவ லாரி, ஔல் க்ரீக் ஓடையைக் கடக்கும் தாழ்பாதையில் வெள்ளத்தில் சிக்கிக் கவிழ்ந்தது. வண்டியில் பன்னிரண்டு பேர். எட்டு வீரர்களும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர் ஒருவருமாக ஒன்பது பேர் இறந்தார்கள். போர் இல்லை, எதிரி இல்லை, மீட்புப் பணியும் இல்லை. அடுத்த வாரமும் நடத்தக்கூடிய ஒரு பயிற்சி. 1995 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ரேஞ்சர் பயிற்சியில் இருந்த நான்கு பேர் குளிரில் விறைத்து இறந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பெரும் புயல் வரும்போது கேள்வி இன்னும் சிக்கலாகிறது. 2018-ல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தளங்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் வட கரோலினாவை நோக்கி வந்தபோது, அங்கிருந்த மரீன் தளமான கேம்ப் லெஜூன் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று கட்டாய உத்தரவு போடவில்லை. போகலாம் என்று அனுமதிதான் கொடுத்தது. தளத்துக்குள் உறுதியான கட்டடங்கள், உணவு, தண்ணீர் எல்லாம் இருக்கின்றன என்பது தளபதியின் வாதம். பக்கத்துக் கடலோர ஊர்கள் காலியாகிக்கொண்டிருக்க, பிள்ளைகளை உள்ளே வைத்திருக்கிறார்களே என்று வீரர்களின் பெற்றோர் கொதித்தார்கள். புயல் போன பின் பார்த்தால் அந்த வட்டாரத் தளங்களில் சேதம் 300 கோடி டாலருக்கு மேல்.

அக்டோபரில் மைக்கேல் புயல். ஃபுளோரிடாவின் டிண்டல் விமானப்படைத் தளம் புயல் தாக்குவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டாய வெளியேற்றத்தை அறிவித்தது. ஆயிரக்கணக்கான வீரர்களும் குடும்பங்களும் கிளம்பினார்கள். பறக்கும் நிலையில் இருந்த விமானங்கள் வேறு தளங்களுக்குப் போயின. பழுதில் கிடந்த சில எஃப்-22 போர் விமானங்களைக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. தொண்ணூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு சிறு குழு மட்டும் தங்கியது. 10-ஆம் தேதி, மணிக்கு 257 கிலோமீட்டர் வேகக் காற்று. தளத்தில் சேதமில்லாத கட்டடமே மிஞ்சவில்லை. ஆனால் தங்கிய குழுவில் யாரும் சாகவில்லை. ஆயிரக்கணக்கானோரை அனுப்பிவிட்டு நூறு பேருக்குள் வைத்துக்கொண்ட அந்தக் கணக்கு, அத்தியாவசியம் என்றால் என்ன என்பதற்கு நான் பார்த்ததிலேயே நேர்மையான பதில்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. கார்காலத்துக்கு முன் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவனுக்காக முல்லை நிலத்தில் காத்திருந்தவர்களைப் பாடிய மொழி நம்முடையது. மழை வந்தால் போரே ஓய்ந்த காலம் அது. அந்தக் காலம் போய்விட்டது. 1950 குளிர்காலத்தில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தருகே உறைபனியில் சண்டை போட்ட அமெரிக்கர்களில் ஆயிரக்கணக்கானோர் குண்டுபட்டு அல்ல, பனிக்கடியால் விழுந்தார்கள். மோசமான வானிலையில் பழகாத படை மோசமான வானிலையில் தோற்கும். அதனால் பனியில் பயிற்சி வேண்டும், மழையில் நனைந்து நிற்கவும் வேண்டும். அதற்கென்று அலாஸ்காவில் தனிப் பள்ளியே நடத்துகிறார்கள். ஆனால் திட்டமிட்டு, மருத்துவரை அருகில் வைத்து, உரிய உடுப்போடு செய்யும் குளிர்ப் பயிற்சி ஒன்று. இருட்டில் சொந்த காரில் சறுக்கிக்கொண்டு வந்து மேஜையில் உட்காருவது இன்னொன்று. இரண்டாவதில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் தவறாமல் கொண்டுவரப்படும் உதாரணம் ஆர்லிங்டன் கல்லறையில் பெயரறியா வீரர் நினைவிடத்தைக் காக்கும் காவலர்கள். 1937 முதல் இரவும் பகலும் இடைவெளி இல்லாமல் அங்கே காவல் நடக்கிறது. 2003-ல் இசபெல் புயல் வந்தபோது உள்ளே போகச் சொல்லி வந்த உத்தரவையே அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நடந்தது அது இல்லை. நிலைமை மோசமானால் ஒதுங்கி நிற்கலாம் என்று முன்கூட்டியே திட்டம் இருந்தது. ஒதுங்க வேண்டிய நிலை வரவில்லை. 2012-ல் சாண்டி புயலின் நடுவே நிற்கும் காவலர்கள் என்று பரவிய படமும் அதற்கு முந்தைய மாதத்து மழையில் எடுத்தது. அந்தக் காவலர்களின் ஒழுங்கு அசாத்தியமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய அதிகாரிகள்கூட ஒரு மாற்றுத் திட்டத்தைக் கையில் வைத்திருந்தார்கள் என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

பேரிடர்க் காலத்துக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது 50 மாநிலங்களிலிருந்தும் சுமார் 50,000 தேசியக் காவற்படை வீரர்கள் இறங்கினார்கள். இவர்கள் மற்ற நாட்களில் கடையிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர்கள். ஊர் மூடும் நாள்தான் இவர்களுக்குச் சீருடை நாள். லூசியானா காவற்படையின் தலைமையகமான ஜாக்சன் பாரக்ஸே வெள்ளத்தில் மூழ்கி, அவர்கள் படகில் வெளியேறி சூப்பர்டோம் அரங்கில் போய் வேலையைத் தொடர்ந்தார்கள்.

நம் பக்கம் இந்தக் கேள்வி பெரும்பாலும் இந்த முகத்தோடுதான் வருகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை விமான நிலையம் தண்ணீரில் நின்றபோது, அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளிதான் பயணிகள் விமானங்களுக்கு ஓடுபாதை கொடுத்தது. 2018 ஆகஸ்டில் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் மூடியபோது கொச்சிக் கடற்படைத் தளம் அதே வேலையைச் செய்தது. சிப்பாய்க்கு இங்கே ஆண்டு விடுப்பு 60 நாள், கேசுவல் லீவு 30 நாள். அதிகாரிகளுக்கு கேசுவல் 20. தாளில் பார்த்தால் அமெரிக்கரை விட அதிகம். ஆனால் விடுப்பு உரிமை அல்ல என்பது இங்கேயும் அடிப்படை விதி, வேலை அழைத்தால் ரத்து.

அதோடு இங்கே வானிலை லீவைக் கொடுப்பதில்லை, கிடைத்த லீவையும் தின்கிறது. சியாச்சினில் விடுப்பு கையெழுத்தாகியும் ஹெலிகாப்டர் பறக்க வானம் தெளியும் வரை காத்திருக்க வேண்டும். திரும்பி வருகிறவர் டிரான்சிட் கேம்பில் வந்து ஆஜராகி, மலைப்பாதை திறக்கும் வரை மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருப்பார். 2016 பிப்ரவரி 3 அன்று சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் நிலை மீது பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த உயரத்தில் தளத்தை மூடுவது என்று ஒன்று கிடையாது. நிலையைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்ற கேள்வி இருக்கிறது, அது இரண்டு நாட்டு அரசுகள் தீர்க்க வேண்டியது.

அமெரிக்கத் தளத்துக்கே திரும்பினால், என் கட்சி வீரர் பக்கம்தான், ஆனால் அவர் கேட்கும் காரணத்துக்காக அல்ல. பக்கத்து மேஜைக்காரருக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும் என்பது படையில் எடுபடாத வாதம். கையெழுத்துப் போட்ட நாளிலேயே அந்தச் சமம் போய்விட்டது. எடுபட வேண்டிய வாதம் வேறு. பனி நாளில் யார் வர வேண்டும் என்பது ஒவ்வொரு பதவியின் பக்கத்திலும் அக்டோபருக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். தளம் கறுப்பு என்று அறிவித்த பிறகு பட்டியலில் இல்லாதவரை வரவழைக்க நினைக்கும் சார்ஜென்ட், பட்டாலியன் கமாண்டரிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கறுப்புக் கொடிக்கு இருக்கும் மரியாதை கறுப்புச் சாலைக்கும் வர இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

வந்தவர்களுக்கு என்ன? மெஸ்ஸில் கட்டில் போட்டுப் படுத்த சமையல்காரருக்கும், மண்வாரியோடு நின்ற பாரக் பையனுக்கும், இரண்டாம் நாளும் பூமிக்கடியில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளுக்கும் வெயில் வந்த பிறகு ஒரு பாஸ் கொடுக்கலாம். விடுப்பில் கழியாது, செலவும் கிடையாது. நல்ல கமாண்டர்கள் ஏற்கெனவே செய்வதுதான். அதையும் எழுதி வைத்துவிட்டால் நல்ல கமாண்டர் வாய்க்க வேண்டும் என்ற அதிர்ஷ்டம் தேவைப்படாது.

சட்டமே ஓரளவு இடம் கொடுத்திருக்கிறது. விடுப்பில் போனவர், தன் தவறு ஏதுமில்லாமல் உரிய நாளில் திரும்ப முடியாமல் போனால் அது அனுமதியின்றிப் பணிக்கு வராத குற்றம் ஆகாது என்று ராணுவ நீதிமன்றங்களின் கையேடு சொல்கிறது. விமானம் ரத்தாகி எங்கோ மாட்டிக்கொண்டவர் போன் போட்டுத் தகவல் சொல்லிவிட்டால் பிழைத்தார். தளத்துக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி, கார் கதவு திறக்காத பனியில் நிற்பவருக்கு அந்த நிம்மதி இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

தீர்க்காமல் கிடக்கும் முடிச்சு குழந்தைகள். மூடல் செய்தி வந்த நிமிடமே தளத்தின் குழந்தைக் காப்பகமும் பொதுவாக மூடிவிடும், அல்லது அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கும். கணவன் மனைவி இருவரும் படையில் இருந்தாலோ, தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவராக இருந்தாலோ, தான் டூட்டிக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று எழுதிக் கொடுத்த குடும்பப் பராமரிப்புத் திட்டம் ஒன்று கோப்பில் இருக்க வேண்டும். அதில் பேர் கொடுத்த சிநேகிதிக்கும் அன்று அதே சாலைதான், அதே பனிதான். அத்தியாவசியப் பட்டியலைத் தயாரிக்கும் அதிகாரி அந்தக் கோப்பையும் திறந்து பார்ப்பது அபூர்வம்.